பல்லுக்குள் கிணற்று மணம்

"பல்லுக்குள்ள காம்ப் கிணத்து மணம் வந்திச்சு மச்சி."

முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்த தன் மைத்துனியிடம் இப்படிச் சொன்னதும் காதிலிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன். இப்படியொரு வசனம் கேட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ், பாலாவி உப்பளத்தருகே போய்க்கொண்டிருந்தது. சொன்னவருக்குக் கன்னம் வீங்கியிருந்தது.

"போன முறை அதுக்கா அழுதீங்க? டொக்டர் நொந்திட்டெண்டு பயந்துட்டார்."

"நோவில்ல. பல்லு வேரை அலச அவர் ஊத்தினது குளோரின். அந்த மணம்தான்."

"பிறகு உப்புத்தண்ணியாலதானே அலசினவர்?"

"ஓம். அது ஊத்தையைக் கழுவுமாம், கிருமியைக் கொல்லாதாம். அழுது மறிச்சது நான்தானே. இப்ப திரும்ப வீங்கிட்டு."

"பல்லைப் புடுங்கினா இனி உங்கட பங்கு இறைச்சியும் எனக்குத்தான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். வீக்கம் விடவில்லை.

"சண்டையும் முடிஞ்சிட்டு. இன்னும் அந்த அகதிக் காம்பையா நினைக்கிறீங்க?"

"மன்னாரால விரட்டி வந்த வருசம் காம்பில எண்ட சின்னவளுக்கு வயித்தோட்டம். உப்பும் சீனியும் கரைச்சுக் கரைச்சு ஊத்தினன். மவுத்தாகிட்டா. மையத்தை அடக்க எடுத்துட்டுப் போன பிறகு முகம் கழுவத் தண்ணி அள்ளினன். வாளியில அந்த மணம். அன்டைக்குத்தான் கிணத்துக்குக் குளோரின் போட்டிருக்காங்க."

மச்சி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்டைக்கும் உப்புத்தண்ணி போதுமெண்டு டொக்டரிட்டச் சொல்லவா?"

"வேணாம். குளோரினையே ஊத்தச் சொல்லுங்க. நான் அழுதாலும் நிப்பாட்ட வேணாமெண்டு சொல்லுங்க."