கனகவல்லியிடம் இருந்த தகவல்கள்

இன்ஸ்பெக்டர் சார், உங்கள் மானிட்டரில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். முதலில் அதைக் கிழித்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் ஸ்ரீநிவாசராகவன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தகவல் பாதுகாப்பு அதிகாரி. புதுச் சட்டப்படி நோயாளிகளின் விவரம் வெளியே கசிந்தால் அபராதம் கோடிக்கணக்கில். அதனால் இருந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்தேன். பென் டிரைவ் செருகுகிற இடத்தில் எம்-சீல் வைத்துப் பூசினேன். வாட்ஸப்பில் ரிப்போர்ட் அனுப்பினான் என்று என் மைத்துனனையே வேலையை விட்டு அனுப்பினேன். என் மனைவி ரமா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மிச்சமிருந்த ஒரே ஓட்டை, டோக்கன் கொடுக்கிற கனகவல்லி.

வந்தவர் போனவர் எல்லாருடைய ரிசல்ட்டும் அவளுக்கு மனப்பாடம். கெட்ட எண்ணம் கிடையாது, அக்கறைதான். காய்கறிக் கடையில், ஷேர் ஆட்டோவில், எங்கே கண்டாலும் விசாரிப்பாள். "இன்னா டீச்சர், கிட்னி இப்போ எப்டி கீது?" என்று சர்ச் வாசலில், மாப்பிள்ளை வீட்டார் காதுபடக் கேட்டாள். பியூலா டீச்சரின் மகளுக்கு வந்த வரன் அப்படியே திரும்பிப் போய்விட்டது.

வேலை முடிந்த தகவலை அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். கனகவல்லியைக் கூப்பிட்டு, மறந்துவிடச் சொன்னேன். பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார வைத்தேன். அந்த வகுப்பையும் மனப்பாடம் செய்துகொண்டாள்.

"மறக்கணும்னா எப்டி சார்? தானா மண்டையில ஏறி குந்திக்கினு கீது," என்றாள். நியாயமான பதில்தான். ஆனால் ஆடிட்டர் நியாயம் பார்க்கமாட்டார்.

ஆடிட்டுக்காக வாங்கிய தீயணைப்பு சிலிண்டர் பக்கத்திலேயே இருந்தது. ஒரே அடி. கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை சார். மெஷினை யாராவது உடைப்பார்களா? உள்ளே இருப்பதைத்தானே அழிக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கும் உங்களுக்கும் போன் செய்தது நான்தான். சம்பவம் நடந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் பெற்ற மகனிடமே "டோக்கன் வாங்கினீங்களா?" என்று கேட்கிறாளாம். ஞாபகம் இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்கிறார். வருத்தமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், இவ்வளவு சுத்தமாக அழிக்கிற சாஃப்ட்வேர் இன்னும் சந்தைக்கு வரவில்லை.

சொந்தப் பகை உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. அன்று காலை கவுன்ட்டரில் அவள் ஒன்று சொன்னாள், அவ்வளவுதான்.

"சார், உங்க ரிப்போர்ட்ட ரமாக்கா கைல இன்னும் காட்டலியா? கொறைய நீங்க உங்க கிட்ட வச்சிக்கினு, அவங்க கொழந்தைக்காக ஊசி மேல ஊசி போட்டுக்கினு கீறாங்களே, பாவம். நீங்க சொல்லலேன்னா நானே சொல்லிடறேன்."

அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ரமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கும் ஒரு ஊசி இருக்கிறது, அவளைச் சீக்கிரம் அனுப்பிவையுங்கள். இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள் சார். சட்டப்படி அது தனிப்பட்ட தகவல்.