பழைய வண்டிக்கும் பொருந்தும்

— இந்த ஷெட்டையும் விலை பேச வந்திருந்தீன்னா இப்படியே திரும்பிப் போயிடு தம்பி. ஃபேக்டரி போச்சு, பேரும் போச்சு. எனக்கு மிச்சம் இது ஒண்ணுதான்.

— உள்ள வான்னுகூட சொல்ல மாட்டியாக்கா?

— வா. கிரீஸ்ல கால வச்சுடாத. பெரிய கம்பெனி முதலாளி, ஷூ பாழாயிடும்.

— இன்னும் உன் முதல் மாடல் ஸ்கூட்டரைத்தான் நோண்டிட்டு இருக்கியா?

— ஓடுதுல்ல? ஓடுற வரைக்கும் நோண்டுவேன். பேட்டரி வண்டின்னா ஊரே சிரிச்சப்ப, என்னை நம்பி வாங்கினவங்கடா இந்த வண்டிக்காரங்க. எந்தப் புது பேட்டரி வந்தாலும் உங்க வண்டியில மாட்டலாம்னு வாக்குக் கொடுத்தேன்ல?

— அந்த வாக்குதான் உன்னைக் கவுத்துச்சு. சீட்டுக்கு அடியில சதுரப் பெட்டி. அதுல அடங்குற பேட்டரிதான் கடைசிவரைக்கும் உனக்கு. நான் தனியாப் போய், கால் வைக்கிற பலகைக்கு அடியில பட்டையா வச்சேன். ரெண்டு மடங்கு தூரம் ஓடுச்சு.

— கெட்டிக்காரன்தான், யாரு இல்லேன்னாங்க? ஆனா சார்ஜ் போட இடம் கெஞ்சி வாங்கினது நான். மெக்கானிக்கைப் பழக்கினது நான். மழையில ஷாக் அடிக்காதுன்னு நனைஞ்சுட்டே ஓட்டிக் காட்டினதும் நான். நான் ரோடு போட்டேன், நீ வண்டியை விரட்டின.

— அதை மேடைக்கு மேடை சொல்றேனே! நீ இல்லேன்னா இந்தத் தொழிலே இல்லக்கா. அன்னைக்கு உனக்கு இருந்த தைரியம் எங்க யாருக்கும் கிடையாது.

— ஐஸ் வைக்காத. விஷயத்துக்கு வா.

— புதுசா ஒருத்தன் வந்திருக்கான். ஒரு டீ குடிக்கிறதுக்குள்ள சார்ஜ் ஏறிடுது. அந்த பேட்டரியை என் வண்டியில மாட்ட முடியாது.

— மாடலை மாத்து. இதுக்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்க?

— பங்குதாரங்களும் அதையேதான் சொன்னாங்க. இருக்கிற பணத்தையெல்லாம் புது மாடல்ல போடுவோம், பழைய வண்டிக்காரங்களைக் கைகழுவிடுவோம்னு.

— நீயும் உடனே தலையாட்டியிருப்ப. மனசை வச்சு வண்டி செய்யாதக்கான்னு என்னைக் கிண்டல் பண்ணினவனாச்சே.

— தலையாட்டத்தான் போனேன். "நம்மளை நம்பி வாங்கினவங்க"ன்னு வாய்ல வந்துடுச்சு. சத்தியமாச் சொல்றேன், உன் குரல் மாதிரியே இருந்துச்சு.

— அடப்பாவி! அப்புறம்?

— வெளிய அனுப்பிட்டாங்க. நேத்தோட நான் முதலாளி இல்ல. உட்கார இன்னொரு ஸ்டூல் இருக்காக்கா?