ஆறாவது கூட்டம்

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் பேரைக் கேட்க மாட்டோம். "எந்தக் கூட்டமுங்க?" என்று குலத்தைத்தான் கேட்போம். பதில் வந்ததும் அவர் பங்காளியா, மாமன் மச்சான் முறையா என்பது தெரிந்துவிடும். பங்காளி என்றால் அவர் வீட்டில் பெண் எடுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. வேறு கூட்டம் என்றால் தாராளமாகச் சம்பந்தம் பேசலாம். இதைவிடத் தெளிவான ஏற்பாட்டை எந்தச் சீமையிலும் எவனும் கண்டுபிடித்ததில்லை என்பது என் அபிப்பிராயம். நான் இசைக்குச் செய்ததும் இவ்வளவுதான்.

மாஜிஸ்திரேட் ஐயா, உங்கள் குமாஸ்தா எழுதிக்கொள்ளட்டும் என்றீர்கள். வேண்டாம், நானே எழுதித் தருகிறேன். அந்த ஆள் அர்த்தநாரி என்ற என் பேரிலேயே ஓர் எழுத்தை விழுங்கியிருக்கிறார். அது போகட்டும். போலீஸார் எழுதிய காகிதத்தில் இரண்டு வார்த்தைகள் தப்பு. என் மச்சினன் சென்னியப்பனுக்குக் காது போனதற்குக் காரணம் எங்கள் வேலைக்காரி பாப்பாயியின் 'கவனக்குறைவு' என்பது ஒன்று. இரண்டாவதை அதன் இடம் வரும்போது சொல்கிறேன். பொருளுக்குத் தப்பான பேர் வைப்பதை நான் பொறுத்துக்கொள்வதில்லை. அதற்காகத்தான் நானாக வந்திருக்கிறேன், என்னை யாரும் பிடித்து வரவில்லை.

திருச்செங்கோட்டுக்கு மேற்கே எனக்குக் காடு தோட்டம் உண்டு. பண்ணையத்தை ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நான் பார்ப்பது இசைக் கணக்கு. சங்கீதக்காரர்கள் ராகங்களுக்குப் பேர் வைத்திருக்கும் லட்சணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றுக்குச் சாமி பேர், ஒன்றுக்கு ஊர்ப் பேர், ஒன்றுக்குப் பூவின் பேர். எது எதற்கு என்ன உறவு என்பதைப் பேரை வைத்துச் சொல்ல முடியாது. பேருக்குள்ளே வரிசை எண் ஒன்றை ஒளித்து வைத்த கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அது கதவில் ஒட்டிய வீட்டு இலக்கம். உள்ளே இருப்பவன் யாருக்குப் பிறந்தவன் என்பதை இலக்கம் சொல்லாது.

எங்கள் கொங்கு நாடு பழைய கணக்கில் இருபத்து நாலு நாடு. ஸ முதல் மேல் ஸ வரை உள்ள ஒரு ஸ்தாயியையும் நான் இருபத்து நாலு பங்காகப் பிரித்தேன். பங்குக்கு ஒரு தந்தி என்று இரண்டு ஸ்தாயிக்கும் கட்டி, ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டி செய்ய வைத்தேன். அதில் ஸ்தாயிக்கு ஏழு தந்தியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு ராகம். ஒரு தந்திக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று பங்கு அல்லது நாலு பங்கு இடைவெளி இருக்கலாம், வேறு கூடாது. இது என் விதி. இப்போது அதே ஏழு தந்திகளை முதல் தந்தியில் தொடங்காமல் இரண்டாவதில் தொடங்கினால் இன்னொரு ராகம் கிடைக்கும். மூன்றாவதில் தொடங்கினால் மற்றொன்று. ஒரே வயிற்றில் பிறந்த ஏழு பெண்கள். இந்த ஏழையும் சேர்த்து ஒரு கூட்டம் என்றேன். ஒரே கூட்டத்து ராகங்கள் இரண்டை ஒரு பாட்டில் சேர்த்துக் கோக்கக் கூடாது, வேறு கூட்டத்தில்தான் ஜோடி தேட வேண்டும் என்றும் விதித்தேன்.

அப்படி ஆறு கூட்டம் கண்டேன். ஒவ்வொன்றுக்கும் எங்கள் வட்டாரத்துக் கூட்டங்களின் பேரையே சூட்டினேன். அந்தப் பேர்களை இங்கே எழுதப் போவதில்லை, அவர்கள் இதில் ஒரு பாவமும் செய்யவில்லை. மூன்றாவதற்கு என் மனைவி கண்ணாத்தாள் பிறந்த கூட்டத்தின் பேர். ஆறாவதற்கு என் கூட்டத்தின் பேர். இந்த இரண்டிலும் ஆளுக்கொரு ராகத்தை எடுத்துக் கோத்து வர்ணம் என்கிற வகையில் ஒரு பாட்டும் செய்தேன். கல்யாண வர்ணம் என்பது அதன் பேர். நான் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சென்னியப்பன் கண்ணாத்தாளின் தம்பி. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் தோட்டம், சேலத்தில் காலேஜ் படிப்பு, நன்றாகப் பிடில் வாசிப்பான். அவன் காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாமக்கல் பஸ் வளைவுக்கு அந்தப் பக்கம் வரும்போதே, அதன் ஊதல் நேற்றைவிட ஒரு பங்கு இறங்கியிருக்கிறது என்பான். பெட்டியில் போய்த் தட்டிப் பார்த்தால் ஒரு பங்கு சரியாக இறங்கியிருக்கும். எனக்கு அந்தக் காது இல்லை. கணக்குத்தான் உண்டு. அவன் மேல் எனக்குப் பொறாமை என்று கண்ணாத்தாள் உங்களிடம் சொல்லியிருப்பாள். பொறாமை இருந்தால் அவனுக்குப் பெண் பார்க்க நான் ஏன் சேந்தமங்கலம் வரை அலைந்திருக்க வேண்டும்?

சேலத்தில் உபகாரசாமி என்று ஒரு வாத்தியார் இருக்கிறார். கிறிஸ்தவர், மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர், விஷயம் தெரிந்தவர். என் பேர் முறையைச் சென்னைப் பட்டணத்துச் சங்கீத மாநாட்டுக்கு அவர் அனுப்புவதாக இருந்தது. அதற்கு முன்னால் உள்ளூர்க்காரர்கள் கேட்கட்டும் என்று ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் சபை கூட்டினார். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தங்கள் கூட்டத்தின் பேரில் ராகம் இருக்கிறதாம் என்றால் வராமல் இருப்பார்களா? நான் ஐந்து கூட்டத்தையும் வாசித்து, ஆறாவதையும் வாசித்து, கல்யாண வர்ணத்தில் முடித்தேன். கை தட்டினார்கள். அப்போது சென்னியப்பன் எழுந்து நின்று, மூன்றாவது கூட்டத்தை மூன்றாம் தந்தியிலிருந்து எடுத்து வாசிக்கச் சொன்னான்.

வாசித்தேன். சுருதி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மற்றபடி ஆறாவது கூட்டம்தான் கேட்டது.

"கூட்டம் அஞ்சுதானுங்க மச்சான்," என்றான். "ஆறாவது எங்க கூட்டத்துப் பொண்ணேதானுங்க. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கண்ணாலம் பண்ணி வெச்சுட்டீங்க."

கூடம் முழுவதும் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "அப்ப அர்த்தநாரி ஊட்டுக்காரியும் பங்காளிப் பொண்ணுதானாட்ட இருக்குது," என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. சென்னியப்பன் சிரிக்கவில்லை, அதையும் எழுதிவிட வேண்டும். அவன் முகம் சுண்டிவிட்டது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஜனங்கள் அப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டான். ஆனால் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உபகாரசாமி மிகவும் தன்மையாக, ஆறாவதை மட்டும் எடுத்துவிட்டு மாநாட்டுக்கு அனுப்பலாம், மற்ற ஐந்தும் அருமை என்றார். ஆக மற்றவன் கூட்டமெல்லாம் பட்டணம் போகும், என் கூட்டம் வீட்டில் கிடக்கும்.

வீட்டுக்கு வந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். மூன்றாவதின் இடைவெளிகள் நாலு, மூன்று, மூன்று, நாலு, நாலு, மூன்று, மூன்று. ஆறாவதின் இடைவெளிகள் மூன்று, நாலு, நாலு, மூன்று, மூன்று, நாலு, மூன்று. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் அவன் சொன்னதே வந்தது. அதனால் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கோளாறு கணக்கில் இல்லை, காதில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். இரண்டு ராகத்துக்கு நடுவே இருக்கும் நுண்ணிய வித்தியாசத்தை அந்தக் காது அழித்துவிடுகிறது. அப்படிப்பட்ட காது ஒரு சாஸ்திரத்துக்கு நல்லதல்ல. இதை நான் கோபத்தில் யோசிக்கவில்லை. சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, நிதானமாகத்தான் யோசித்தேன்.

சொந்தத்துக்குள் மனஸ்தாபம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்துச் சோறு போடுவோம். அதோடு பழையது போயிற்று என்று அர்த்தம். சென்னியப்பனுக்கு ஆள் அனுப்பினேன். அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டான், அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. பாப்பாயி நல்லெண்ணெய் காய்ச்சிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மூத்த மச்சானே எண்ணெய் வைப்பது மரியாதை. உச்சியில் வைத்தேன், தோளில் தேய்த்தேன், பிறகு தலையைச் சாய்த்துக் காதுக்கு விட்டேன். காதுக்கு விட்டது மட்டும் வேறு கிண்ணம். அதில் கலந்தது எங்கள் வேலியோரத்தில் நிற்கிற கள்ளியின் பால்.

அவன் துடித்து எழுந்தான். எண்ணெய் சூடு அதிகமாகிவிட்டது போலிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள், ஒரு காதுக்கு விட்டு மறு காதை விட்டால் சளி பிடிக்கும் என்றேன்.

"நீங்க சொன்னாச் செரிங்க மச்சான்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபக்கம் சாய்ந்தான்.

சேலம் ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு காதுச் சவ்வும் வெந்துவிட்டது என்றார். பாப்பாயி ஏதோ கிண்ணத்தை மாற்றி வைத்துவிட்டாள் என்று நான் சொன்னேன். அவள் அழுதாள், இல்லை என்றாள், பிறகு இருக்குமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏழைகளிடம் இது ஒரு குணம். சென்னியப்பன்தான் அவளை வேலையைவிட்டு அனுப்ப விடவில்லை. வைத்தியத்துக்கு அவன் எங்கள் வீட்டிலேயே தங்கினான். கண்ணாத்தாள் பார்த்துக்கொண்டாள். நானும் பார்த்துக்கொண்டேன். புண் ஆறியது, காது மட்டும் வரவில்லை. ஆறு கூட்டத்தையும் சேர்த்து எழுதி உபகாரசாமிக்கு அனுப்பினேன். சென்னியப்பன் தன் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டான் என்றும் எழுதினேன். காது கேட்காதவனை அவர் எங்கே போய் விசாரிக்கப் போகிறார்?

இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. அவன் உயிர் மேல் எனக்கு எந்த விரோதமும் இருந்ததில்லை.

ஒருநாள் மத்தியானம் நான் பெட்டிக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தேன். அவன் எதிரில் உட்கார்ந்து தந்தி அதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று குனிந்து பெட்டியின் ஓரக் கட்டையைப் பல்லால் கடித்தான். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக் கையை எடுத்தேன். வாசிக்கச் சொல்லிச் சைகை காட்டினான். வாசித்தேன். அவன் கண்ணில் நீர் கொட்டியது.

"கேக்குதுங்க மச்சான்," என்றான். தன் குரலின் அளவு தெரியாததால் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான். "பல்லு வழியாக் கேக்குதுங்க."

எனக்கும் ஒரு கணம் மனசு நிறைந்துதான் போயிற்று. இதை நீங்கள் நம்ப வேண்டும். பிறகு அவன் விரலால் காட்டினான், மூன்றாவதை மூன்றாம் தந்தியிலிருந்து, அடுத்து ஆறாவது. வாசித்தேன். கட்டையிலிருந்து வாயை எடுத்துவிட்டு ஒரு விரலை மட்டும் நிமிர்த்தினான்.

"ஒண்ணேதானுங்க. அன்னைக்கும் ஒண்ணு, இன்னைக்கும் ஒண்ணு." அதில் கேலி இல்லை. தன் காது அப்படியே இருக்கிறது என்ற சந்தோஷம்தான் இருந்தது. உடனே அக்காளிடம் சொல்ல வேண்டும், நாளைக்கே சேலம் போய் உபகாரசாமியிடமும் சொல்ல வேண்டும் என்றான். கண்ணாத்தாள் கிணற்றுக்கு அந்தப் பக்கம் கம்பங்காட்டில் இருந்தாள். நானும் வருகிறேன் என்று சைகை காட்டினேன்.

கிணற்று மேட்டு வழியாகப் போனால் சுருக்கு. அவன் முன்னால் போனான். காது கேட்காதவனுக்குப் பின்னால் நடப்பவன் அடியைப் பார்த்து வைக்கத் தேவையில்லை. அந்த வருஷம் மழை பொய்த்துக் கிணற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது, மற்றதெல்லாம் பாறை.

விளிம்பில் கால் வைக்கிறான் என்று பார்த்து நான் கத்தினேன், அவனுக்குக் கேட்கவில்லை என்று போலீஸாரிடம் சொன்னேன். அவர்கள் 'விபத்து' என்று எழுதிக்கொண்டார்கள். காது போனதால்தானே உயிர் போயிற்று என்று பாப்பாயியைக் கொண்டுபோனார்கள். தப்பான இரண்டாவது வார்த்தை அதுதான்.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு கண்ணாத்தாள் என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க கத்துனது எனக்குக் கேக்கலீங்களே," என்றாள். "எங்காது நல்லாத்தானுங்க இருக்குது."

அன்றைக்கே தன் பிறந்த ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். அவள் சொன்னதற்குப் பயந்து நான் இங்கே வரவில்லை. அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்று இப்போது உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. சரியான பேர் வைக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே வந்தேன்.

ஆகவே, கவனக்குறைவு என்ற இடத்தில் அர்த்தநாரி தெரிந்தே ஊற்றியது என்று எழுதிக்கொள்ளுங்கள். விபத்து என்ற இடத்தில், அர்த்தநாரி பின்னாலிருந்து இரண்டு கையாலும் தள்ளிச் செய்த கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள். பாப்பாயியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பாவம். கூட்டம் ஆறு என்பதையும் ஓர் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். என்னைத் தூக்கில் போட்ட பிறகு அதை யாராவது ஐந்து என்று மாற்றிவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் பெட்டி என் வீட்டில்தான் இருக்கிறது, யாரை வேண்டுமானாலும் வைத்து வாசித்துப் பார்க்கலாம். மூன்றாவது கூட்டத்தை மூன்றாம் தந்தியிலிருந்து மட்டும் வாசிக்க வேண்டாம்.