பன்னிரண்டாவது வேகனின் தார்ப்பாய்

டீ வடிகட்டிய சக்கையை யாரும் குப்பையில் கொட்டக் கூடாது என்பது என் அபிப்பிராயம். வெயிலில் காயவைத்து, கறுப்பு மை கலந்து, பசை தடவி வேகனில் நிரப்பினால் அசல் நிலக்கரிதான். பென்சில் சீவல் மரச்சுமை ஆகும். உடைந்த கூரை ஓட்டைத் தட்டினால் ஜல்லி. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று சும்மாவா சொன்னார்கள்? கடையில் விற்கிற பிளாஸ்டிக் சுமைகளைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். சப்பித் துப்பிய மிட்டாய் மாதிரி ஒரு பளபளப்பு.

நீங்கள் ‘பொம்மை ரயில்’ என்று எழுதியிருக்கிறீர்கள், ஐயா. ‘மாதிரி ரயில்’ என்று திருத்திக்கொள்ளுங்கள். பொம்மை குழந்தைகளுக்கு.

என்னிடம் பன்னிரண்டு சரக்கு வேகன்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். சுமையை மூட எல்லாவற்றுக்கும் தார்ப்பாய் வேண்டும். மாதிரி ரயில் கண்காட்சிக்கு வருகிற பெரிய பெரிய ஆட்களும் கோட்டை விடுவது இதில்தான். கைக்குட்டையை வெட்டிப் போட்டால் இழை தடிமனாகத் தெரியும். மெல்லிய காகிதம் கிழிந்துவிடும். எந்தப் பெயிண்ட் அடித்தாலும் பெயிண்ட் அடித்தது போலத்தான் இருக்கும். பத்து வருட மழையும் புகையும் ஊறிய நிறம் டப்பாவில் வராது.

அண்ணன் என் வீட்டுக்கு வந்தது அப்போதுதான். அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை, எனக்கும் குடும்பம் இல்லை. சர்க்கரை வியாதியில் அவருடைய வலது குதிகால் புண்ணாகிவிட்டிருந்தது. நர்ஸம்மா பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து பார்ப்பார். ஓரத்தில் நீல நூல் ஓடுகிற சல்லாத்துணி ரோல்களைக் கொடுத்துவிட்டு, “தினமும் கழுவி, மருந்து போட்டு, புதுசா கட்டணும். பழசை எரிச்சிடுங்க” என்பார். எரித்துவிடுகிறேன் என்பேன்.

முதல் நாள் கட்டை அவிழ்த்ததும் வாந்தி எடுத்தேன். அதை மறைக்கவில்லை. அந்த நாற்றம் சோற்றிலும் தலையணையிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். இடுக்கியால் துணியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். வெளிச்சத்தில் பார்த்தேன். ஓரத்தில் மஞ்சள், உள்ளே துரு, நடுவில் எண்ணெய் கசிந்தது போலக் கறுப்பு. இழையும் வேகனின் அளவுக்கு அவ்வளவு பொருத்தம். கொஞ்ச நேரம் நாற்றமே தெரியவில்லை.

அலசினால் நிறம் போய்விடும் என்பதால் அலசவில்லை. கொடியில் காயவைத்து, நீர்த்த பசை பூசி, வேகனுக்கு மேல் இழுத்துக் கட்டினேன். நீல நூல் ஓரம் மடித்துத் தைத்தது போல் இருந்ததால் அதை அப்படியே விட்டேன்.

கட்டுக்கயிறு திரித்துக் கொடுத்தது அண்ணன்தான். கட்டிலில் சாய்ந்துகொண்டு தையல் நூலுக்கு மெழுகு தடவி முறுக்குவார்.

“அசல் மாதிரியே இருக்குடா தம்பி. என்ன துணி?”

“வீட்டுல கிடந்த பழசுதாண்ணே.”

“கெட்டிக்காரன்டா நீ. எனக்கும் பொழுது போகுது.”

ஐந்து தார்ப்பாய் முடிந்தபோது புண் ஆற ஆரம்பித்தது. நர்ஸம்மா என்னைப் பாராட்டினார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் துணியில் கறை நாளுக்கு நாள் வெளுத்தது, தண்ணீர் அதிகமான டீ மாதிரி. இன்னும் ஏழு வேகன்கள் பாக்கி. ஐந்து ஒரு நிறமும் ஏழு ஒரு நிறமுமாக எப்படி வைப்பது?

மருந்தை நிறுத்தினேன். வாசலினைத் தடவினேன், அவருக்கு வித்தியாசம் தெரியாது. கழுவுவதையும் விட்டேன். இரண்டு நாள் கட்டு பழுப்பு தரும். நாலு நாள் கட்டில்தான் அந்தக் கறுப்பு இறங்கும். நர்ஸம்மா வருகிற அன்று காலையில் மட்டும் நன்றாகக் கழுவி மருந்து போட்டு வைப்பேன். “ஏன் திரும்பவும் பெரிசாகுது?” என்று அவர் முகம் சுளிப்பார். சர்க்கரை ஏறியிருக்கும் என்பேன். அண்ணனுக்குப் பாதத்தில் உணர்ச்சியே இல்லை, வலிக்காது. எனக்கு அது ஒரு சௌகரியம்.

“நீ இல்லன்னா நான் நாறிப் போயிருப்பேன்டா” என்பார். மூக்கில் கட்டிய துண்டை நான் இன்னும் இறுக்கிக்கொள்வேன்.

பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதுக்காகக் கட்டிய கட்டை ஐந்து நாள் விட்டேன். அதற்குள் காய்ச்சலில் அவர் என்னவோ பிதற்ற ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கண்காட்சி. பன்னிரண்டாவது வேகனை மூடாமல் நிலக்கரி தெரிய வைத்தேன். முதல் பரிசு கிடைத்தது. அன்று மழை, அரங்கில் ஒரே புழுக்கம். இத்தனை ரயில்கள் இருக்க ஈ என் மேசைக்குத்தான் வந்தது. அதிலும் பதினொரு வேகன்களில் மட்டும் உட்கார்ந்தது. மகளுக்கு ரயில் காட்ட வந்த நர்ஸம்மா குனிந்து பார்த்தார். முதலில் மூக்கைப் பொத்தினார். பிறகு நீல நூலைப் பார்த்தார். பரிசுக் கோப்பை என் கையில் இருக்கும்போதே அங்கேயே வாந்தி எடுத்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதனால்தான் போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன்மேல் என்ன கோபம் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். ஒரு கோபமும் இல்லை. அவர் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. புண் ஆறக் கூடாது என்றுதான் நினைத்தேன், அதற்கானதைச் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றுதான் மனதை அறுக்கிறது. காலை எடுத்த அன்று, அந்த ஐந்து நாள் கட்டு எங்கே என்று வார்டு பையனிடம் கேட்டேன். காலோடு சேர்த்து எரித்துவிட்டார்களாம். இப்படி வீணடிக்கிறவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.