அசங்காதீரும், நேசையன் சார்!

பின்ன என்னவோய்! படம் பிடிக்கது நானா, ஊரா? ...அசங்காதீரும், நேசையன் சார். தலை நேரா... ஆங்! பதினெட்டு வருசமா நாகரோயில்ல இந்த ஜஸ்டஸ் ஸ்டூடியோ வச்சிருக்கேன். பக்கத்து வீட்டுல லேஸ் பின்னுக ராஜபாய் வந்து எனக்குப் பாடம் எடுக்கா! "அண்ணே, ஜன்னலுக்கு எதிர்த்தாப்புல வெள்ளை வேட்டி ஒண்ணைத் தொங்கவிடுங்க, இந்தப் பக்கத்துக் கன்னம் கறுக்காது"ன்னா. "நீ ஊசியைப் பாரு ஏட்டி, நான் கேமராவைப் பாக்கேன்"னு தொரத்திட்டேன்.

அப்புறம்? உம்ம படத்தை நீரே பாத்தீரே! பாதி மொகம் இருக்கு, பாதி மொகம் காணல. "வாத்தியாருக்குக் கிரகணமா?"ன்னு சபைக் கமிட்டிக்காரன் கேக்கான். நாளைக்குக் காலம்பற நல்ல படம் ஒண்ணு காட்டலன்னா, சபை நூறாவது வருசத்துப் படம் எடுக்க திருவனந்தபுரத்துக்காரன் வருவானாம்! அதான் உம்மைத் திரும்ப உக்கார வச்சிருக்கேன். வேட்டியும் தொங்குது... அவ சொன்னதுக்காக இல்ல, கேட்டீரா? காயட்டும்னு போட்டேன்.

கையைக் காட்டாதீரும்!

வட்டக்கோட்டையிலயும் இப்படித்தான். ஒரு குடும்பத்தை வரிசையா நிறுத்தியிருக்கேன். வண்டிக்காரன் தாணப்பன், "ஐயா, சூரியன் அவங்களுக்குப் பின்னால நிக்கே"ங்கான். "நீ மாட்டைப் பாருலே"ன்னேன். படத்தைக் கழுவிப் பாத்தா கோட்டை தெளிவா நிக்கு, குடும்பம் அடுப்புக்கரி! புருசனையே அந்த அம்மா தொப்பையை வச்சுதான் அடையாளம் கண்டா.

எல்லாவனும் யோசனை சொல்லுகான்வோய்! சொல்லட்டும். சொல்லுகது சரியாவும் இருக்கே, அதுதான் பொறுக்கல.

மறுபடியும் கையா! இரும், கறுப்புத் துணிக்குள்ள ஒரு தடவை பாத்துக்கிடுதேன்... அய்யோ! நீரு எங்க? ஒரே இருட்டால்ல இருக்கு! ...சூரியன் புளியமரத்துக்குப் பின்னால போயிட்டா? வெயிலு எப்பம் போச்சு? நீரு கைகாட்டினது இதுக்கா? வாயைத் தொறந்து சொல்லப்பிடாதா வேய்! ...ஆமா. அசங்கப்பிடாதுன்னது நான்தான்.

இனி என்ன செய்ய? சொல்லும், யார் சொன்னாலும் இன்னைக்குக் கேக்கேன்... வெளி முற்றத்துலயா? அங்க இன்னும் வெயிலு கெடக்கா? ...கெடக்கே! நாக்காலியைத் தூக்கும். ஏட்டி ராஜபாய்! அந்த வேட்டியை எடுத்துட்டு ஓடியா. எங்க பிடிக்கணும்னு நீயே சொல்லு!

ஆங்... நல்லாத்தான் இருக்கு. கன்னம் ரெண்டும் தெரியுது. அசங்காதீரும்... என்ன, இன்னொரு யோசனையா? சொல்லும், சொல்லும்.

...நானா? நான் பேசாம இருக்கணுமா?

...செரி. வாயை மூடுதேன். கேமராவைத் தொறக்கேன்.