இடது காதுக்குச் சொன்னது

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்தினால் நல்லது ஐயா. அது ஓடும்போது நீங்கள் கேட்பது எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நன்றி. இப்போது சொல்கிறேன்.

என் தம்பி பாடுவான். அவன் குழுவுக்கு ஒலிப்பதிவு செய்கிறவன் நான். பத்தொன்பது வருடங்களாக இதே வேலைதான். எங்கள் பாட்டு உங்களுக்குப் பழக்கம் இருக்காது. காதைக் கிழிக்கிற ராக் இசை. டிரம்ஸ் வாசிப்பவனுக்கு இடி என்றே பெயர். அவன் அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

இந்த வருடம் தம்பிக்கு ஓர் ஆசை வந்தது. பழைய பாட்டுகளையே எடுத்து, மின்சார கிட்டாரெல்லாம் இல்லாமல், வெறும் மரக் கிட்டாரோடு மெதுவாகப் பாடி ஓர் ஆல்பம் போட வேண்டும் என்றான். "கத்திக் கத்தி, நம்ம பாட்டுல என்ன வார்த்தை இருக்குன்னு எனக்கே மறந்துபோச்சுண்ணே." இடிக்கு ஒரு மரப்பெட்டியைக் கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்து விரலால் தட்டச் சொன்னார்கள். "இதுக்கு நான் எதுக்குடா, எங்க வீட்டுப் பூனை போதுமே" என்று முனகினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் பாட்டைப் பதிவு செய்து போட்டுக் கேட்டோம். "நாற்காலி கிறீச்சுங்குதே" என்றான் இடி. எனக்கு எதுவும் கேட்கவில்லை. "ஆமா ஆமா, எடுத்துடறேன்" என்றேன். அடுத்த பாட்டில் கம்பியில் விரல் உரசுகிறது என்றார்கள். அதற்கடுத்ததில் தம்பி மூச்சு இழுப்பது பெரிதாக விழுகிறது என்றார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். ஒன்றுகூட என் காதில் விழவில்லை. உரத்த பாட்டில் இது வெளியே தெரியாது ஐயா. ஒலியைக் கூட்டிக் குறைக்கிற என் மேசையில் ஏறி இறங்கும் பச்சை, சிவப்பு விளக்குகளைப் பார்த்தே காலத்தை ஓட்டிவிடலாம். ஐந்தாறு வருடங்களாக நான் கண்ணால்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி கண்டுபிடித்துவிட்டான். மூன்றாம் நாள், மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, காதை ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டிடலாமா? இந்த ஒரு ஆல்பத்துக்கு மட்டும் வேற ஆளை வச்சுக்கறேன். நீ கூடவே இரு. யார்கிட்டயும் நான் மூச்சு விடமாட்டேன்." குரலில் அவ்வளவு பரிவு. நல்ல பிள்ளை. என் மேசைக்குப் பின்னால் இன்னொருவன் உட்கார்ந்திருக்க, நான் ஓரமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். கோபம் வரவில்லை. "கொஞ்ச நாள் போகட்டும், பாப்போம்" என்றேன். சரி என்றான்.

நாங்கள் இரண்டே பிள்ளைகள். சின்ன வயதில் ஒரு துண்டு ரொட்டியைக்கூடச் சரிபாதியாகப் பிய்த்துத் தின்றவர்கள். ஒரே வயிற்றில் பிறந்துவிட்டு, ஒருவனுக்குக் காது நன்றாக இருந்து இன்னொருவனுக்கு இல்லாமல் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பாடும்போது தம்பி ஹெட்போனை இடது காதில் மட்டும்தான் வைப்பான். வலது காதைத் திறந்துவிட்டு, அதில் தன் சொந்தக் குரலைக் கேட்பான். ஆரம்பத்திலிருந்தே அவன் பழக்கம் அது. ஹெட்போனுக்குள் எவ்வளவு சத்தம் போகிறது என்பது என் மேசையில் மட்டும்தான் தெரியும். எல்லை மீறாமல் பிடித்துக்கொள்ள அதில் ஒரு தடுப்பு உண்டு. அவன் காது கெட்டுவிடக் கூடாதே என்று பல வருடங்களுக்கு முன்னால் நானே வைத்தது. நான்காம் நாள் காலையில் அதை எடுத்துவிட்டேன்.

பிறகு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு மயிரிழை ஏற்றினேன். காது பழகிவிடும் ஐயா. பழகப் பழக மந்தமாகும். "இன்னும் கொஞ்சம் ஏத்துண்ணே" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவனே விரலைத் தூக்குவான். ஏற்றினேன். அவன் எதைக் கேட்டும் நான் இல்லை என்று சொன்னது கிடையாது. ஏழாம் நாள், காதுக்குள் வண்டு ரீங்கரிக்கிறது என்றான். குளிர்காற்றாக இருக்கும், பஞ்சு வைத்துக்கொள் என்றேன். ஒன்பதாம் நாள் இடி மறுபடியும் நாற்காலிச் சத்தம் என்றபோது, தம்பி தலையைச் சாய்த்து யோசித்தான். "எனக்குக் கேக்கலையேடா. அந்த வண்டுதான் கேக்குது" என்றான். உங்களிடம் மறைப்பானேன், அன்றைக்கு எனக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது.

அது நீடிக்கவில்லை. பதினோராம் நாள் வந்து, "திங்கக்கிழமை புது ஆள் வர்றாருண்ணே. நாம ரெண்டு பேருமே போயி டாக்டர்கிட்ட காதைக் காட்டிடலாம்" என்றான்.

மறுநாள் எடுத்தது, மேடையில் அடித்தொண்டையில் அலறுகிற பாட்டு. அன்றைக்கு அதைத் தாலாட்டு மாதிரி பாடினான். நடுவில் கிட்டாரும் நின்று, அவன் மூச்சு மட்டும் வருகிற ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில், அதே பாட்டின் பழைய மேடைப் பதிவை அவன் ஹெட்போனுக்கு முழுச் சத்தத்தில் திறந்துவிட்டேன். விரல் வழுக்கியதா என்று கேட்டீர்கள். வழுக்கவில்லை. காலையிலேயே அந்தப் பதிவைத் தேடி எடுத்துத் தயாராக வைத்திருந்தேன்.

அவன் கத்தவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். அண்ணே என்று உதடு அசைந்தது. இடிதான் ஓடிப்போய் ஹெட்போனைப் பிடுங்கினான். தன் காதுக்குக் கொண்டுபோனவன், பாதியிலேயே கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்தவன் அவன்தானே. அவன்மேல் எனக்கு வருத்தமில்லை.

இடது காது இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது நன்றாக இருக்கிறதாம். சரிபாதி.

தம்பிக்குத் தெரியுமா என்கிறீர்கள். தெரியும் ஐயா. உங்களுக்கு முன்னால் அவனிடம்தான் சொன்னேன். நேற்று மதியம், மருத்துவமனையில். வலது காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தான். கண்ணை மூடியிருந்தானே தவிர, தூங்கவில்லை. நான் குனிந்து அந்த இடது காதில், தடுப்பை எடுத்ததிலிருந்து ஒன்று விடாமல் மெதுவாகச் சொன்னேன். அவன் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. மன்னித்துவிட்டான்.