தெட்சுமா கை ஓங்கவில்லை

— பச்சைப் புள்ளி எரியுதுங்க மஞ்சுளாக்கா. பூபதியண்ணன் ஐடியேதான்.

— அதைப் பாத்துத்தான் ஓடியாந்தேன் ஜீவா. சோத்தைப் பெசைஞ்சுட்டு உக்காந்திருந்தேன், கேம்ல அவரு பேரு எரியுது. பதினோரு நாளா அணைஞ்சு கெடந்த பேரு சாமி. இது அவரா, இல்ல எவனாச்சும் திருடனா? அதை மட்டும் எனக்குச் சொல்லு.

— அண்ணன் நம்பருக்கு அடிச்சீங்களா?

— அது ஸ்விட்ச் ஆஃப். போர்வெல் ரிக்கு ஓனரைக் கேட்டா, 'ராய்ப்பூர்ப் பக்கம் போர்வெல் போடறப்ப உன்ற புருசன் பாதியில எறங்கி ஓடிட்டான், எங்களைக் கேக்காதே'ங்கறாரு. அங்க எவளையோ சேத்துக்கிட்டாருன்னு புதுச்சத்திரமே பேசுது. நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வெளிய வாரது?

— அப்ப இது வேற ஆரோட போனோங்க. பாஸ்வேர்டு தெரிஞ்ச ஆளுதான் உள்ள வந்திருக்கோணும்.

— அவரா இருந்தா அந்த போன்லயே என்னைக் கூப்புட மாட்டாரா?

— உங்க நம்பர் அண்ணனுக்கு மனப்பாடமாங்க?

— என்ற நம்பரே எனக்குத் தெரியாது. பேரை அமுக்குனா வரும், அம்புட்டுத்தான்.

— அதானுங்க. நம்பர் மறந்துரும், கேம் பாஸ்வேர்டு மறக்காதுங்க.

— சரி, அதுல ஒரு வார்த்தை எழுதலாமில்ல? 'நல்லா இருக்கறேன்'னு எழுதுனா விரலு தேஞ்சா போயிரும்?

— எழுத உடாதுங்க்கா. புது போன்ல உள்ள வந்தா ஒரு நாளைக்கு கேம்காரன் மெசேஜை அடைச்சு வெச்சிருவான், திருட்டுக்குப் பயந்துட்டு. சண்டை மட்டுந்தான் போடலாம். நீங்க சண்டைக்குக் கூப்புடுங்க, நான் பக்கத்துல நின்னு பாக்கறேன். அண்ணன் ஆட்டத்தை நான் கண்டுபிடிச்சிருவேன். எங்கப்பா இந்த கேம் கடையைப் போட்ட காலத்துல அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு இந்த பெஞ்சுலதான் கெடப்பாரு. டிஸ்க்கு தேயத் தேய ஆடிட்டு, கேம்காரன் கதையைக் கெடுத்துப்போட்டான்னு எங்கப்பாகிட்டவே சண்டைக்குப் போவாரு.

— என்னை மட்டும் உட்டாரா? கல்யாணமான மறு வாரமே, இந்த கேம் கதை வந்த அந்த ஜப்பான் படக்கதை புக்கு நாப்பதையும் முன்னால அடுக்கிட்டாரு. ஞாயித்துக்கெழமை மத்தியானம் ரிக்கு நின்னுதுன்னா கேம்ல எனக்குச் சண்டைக்கு அழைப்பு வந்துரும். அதுதான் சாமி நாங்க குடும்பம் நடத்துனது.

— அம்மிணி, அண்ணன் எம்புட்டு நேரம் கடை வாசல்ல நிக்கறது? மணி மூணாச்சு பாரு. துணிமணி அல்லாம் கார்ல ஏத்தியாச்சு, பாப்பா உள்ள உக்காந்துட்டு அழுவறா. இருட்டறதுக்குள்ள மோகனூர்ல நம்ம ஊட்டுக்குப் போவோணும், வா.

— குமரகுருண்ணா, ஒரே ஆட்டம். அவரு நம்மளை உட்டுட்டுப் போவலீன்னு தெரிஞ்சா நான் இங்கியே இருந்துக்கறேன். போயிட்டாருன்னு தெரிஞ்சா, வாயைத் தொறக்காம வந்து கார்ல உக்காந்துக்கறேன். இனிமே அவரு பேரை எடுக்க மாட்டேன்.

— ஓடிப்போனவனைப் பொம்மை வெளையாட்டுல தேடறா பாரு. சரி, ஒண்ணே ஒண்ணு.

— சண்டைக்கு ஒத்துக்கிட்டாருங்க்கா. தெட்சுமாவை எடுத்திருக்காரு.

— அந்த ஒத்தைக் கண்ணுச் சாமியாரு. எப்பவும் அதைத்தான் எடுப்பாரு.

— திருடன்னா இதைத் தொட மாட்டானுங்க, இதைவிட வலுவான ஆளு முப்பது பேரு இருக்கறாங்க. நீங்க அடிங்க. பாருங்க, கெணத்தைத் தாண்டிக் குதிச்சாரு. கோயில் மணிக்குப் பின்னால போயி நின்னுட்டு, டக்குன்னு இந்தப் பக்கம் வந்துட்டாரு. வேற ஆரும் இப்படி ஆட மாட்டாங்க. இது நம்ம அண்ணந்தானுங்க.

— உசுரோட இருக்காரா?

— இருக்காருங்க்கா.

— போதும் சாமி. எனக்கு அது போதும்... ஆனா ஏன் அடிக்க மாட்டேங்கறாரு? நாலு ஒதை உட்டுட்டேன், வாங்கிட்டு நிக்கறாரு.

— அதுதான் எனக்கும் வெளங்கலை.

— எனக்கு வெளங்கிருச்சு. பதினெட்டாவது புக்கு. தெட்சுமா எவளுக்குத் துரோகம் பண்ணுனானோ அவ மேல கை ஓங்க மாட்டான். மழையில நின்னு அடி வாங்குவான். அந்தப் பக்கத்தைப் படிச்சுக் காட்டுறப்ப இவரு கண்ணு கலங்குனதை நான் பாத்தவ.

— அது கதையிலங்க. அடிக்காத ஆளை எவன் ஆடுவான்னு மூணு கேம்லயும் அவனை நல்லா அடிக்கறவனாத்தான் மாத்தி வெச்சிருக்கறாங்க.

— இவரு கேம்காரன் சொன்னதையா கேப்பாரு? கதைப்படிதான் ஆடறாரு. தப்புப் பண்ணிட்டேன், அடிச்சுக்கோன்னு எனக்குச் சொல்றாரு. ஊரு பேசுனது நெசந்தான் ஜீவா. நான்தான் கூறு கெட்டுப் போயி நம்பிட்டிருந்தேன்.

— மொத ரவுண்டு நீங்க ஜெயிச்சுட்டீங்க.

— ரெண்டாவதும் குடுக்கறேன். நல்லா வாங்கிக்கட்டும். பாப்பாவுக்குக் காய்ச்சல் நெருப்பாக் கொதிச்சப்ப எங்கய்யா போயிருந்தே? இந்தா. என்னை நாலு பேரு வாயில போட்டு மெல்றாங்களே, இந்தா. இதையும் வாங்கிக்க.

— அக்கா, சித்த பொறுங்க.

— பொறுக்க மாட்டேன்.

— பொறுங்கங்கறேன்ல. பதினெட்டாவது புக்குல அவன் அடிக்க மாட்டான், சரி. தடுக்கவாச்சும் செய்வானா?

— தடுப்பான். கையைக் குறுக்க வெச்சுக்கிட்டே நிப்பான்.

— அண்ணன் தடுக்கவே இல்லீங்க. மருந்துச் சொம்பு இருக்குது, அதைக் குடிச்சா தெம்பு வரும், அதையும் தொடலை. நடக்கறாரு, குனியறாரு, குதிக்கறாரு. அதைத் தாண்டி ஒண்ணுமே பண்ணலை.

— அதுக்கு என்ன இப்ப?

— உங்க போனைப் பாருங்க. நடக்கறது, குதிக்கறதெல்லாம் எந்தக் கையில பண்றீங்க?

— இடது கையில.

— அடிக்கறது, தடுக்கறது, மருந்து?

— அதெல்லாம் வலது... ஜீவா.

— ரெண்டு ரவுண்டா அந்தப் பக்கத்துல ஒரு பட்டன்கூட அமுங்கலைங்க்கா.

— ரிக்குல அவரு வேலை என்னன்னு தெரியுமா உனக்கு? இரும்புப் பைப்பு மேல இருந்து எறங்கறப்ப கையைக் குடுத்து நேரா நிறுத்தோணும். கொஞ்சம் ஏமாந்தா நசுக்கிப்போடும்னு அவரே சொல்லியிருக்காரு.

— அண்ணன் உங்களோட சண்டை போட வரலைங்க. இருக்கறேன்னு காட்டத்தான் வந்திருக்கறாரு.

— அம்மிணி, ஆட்டம் முடிஞ்சுதா இல்லியா? என்ன சொல்றான் ஓடிப்போனவன்?

— அவரு ஓடலைங்கண்ணா, அந்த ஓனருதான் மறைச்சுப்போட்டாரு. வலது கையை ரிக்குல குடுத்துட்டு எந்த ஆஸ்பத்திரியிலயோ கெடக்கறாரு. நான் அவரைத்தான் இத்தனை நேரம் போட்டு அடிச்சிட்டிருந்தேன்.